ரெட் வெல்வெட் கேக் மிக்ஸ்: பாக்கெட்டில் உள்ள எண்களும் பீட்ரூட் நிறம் நிற்காத காரணமும்

கேள்வி: மாவுச்சல்லடை

எக்லெஸ் ரெட் வெல்வெட் மிக்ஸ் ஒன்றின் பின்பக்கத்தில் இருப்பதை அப்படியே தருகிறேன் (எண்கள் உணவுச் சேர்பொருட்களின் குறியீடு):

சர்க்கரை, மைதா, கோகோ தூள், பால் திடப்பொருள், ஸ்டார்ச் (1422), உப்ப வைக்கும் பொருட்கள் (500, 450, 341), எமல்சிஃபையர் (477, 471), உப்பு, கெட்டிப்படுத்தி (415), நிறம் (122, 124), செயற்கை வெனிலா மணம். அதன் கீழே ‘அனுமதிக்கப்பட்ட செயற்கை உணவு நிறம் உள்ளது’ என்ற வரி. வெனிலா மிக்ஸில் நிறம் 102, 110. கூடவே வாங்கிய டூட்டி ஃப்ரூட்டியில் 127.

தெரிய வேண்டியவை: மைதாவுக்கு முன்னால் சர்க்கரை வருவது ஏன்? 477 எதற்கு? 20 கிலோ எடையுள்ள குழந்தை ஒரு துண்டு தின்றால் எவ்வளவு நிறம் உள்ளே போகும்?

கடைசியாக ஒன்று. நிறம் இல்லாமல் வீட்டிலேயே பிரீமிக்ஸ் செய்ய பீட்ரூட் பொடி போட்டால் மாவு நல்ல ரோஜா நிறத்தில் இருக்கிறது, வெந்தபின் மேலே காப்பி நிறம், உள்ளே அழுக்கு மஞ்சள். அளவுகள்: மைதா 190 கிராம், சர்க்கரை 180, கோகோ 10, பீட்ரூட் பொடி 25, சமையல் சோடா 5, மோர் 200 மில்லி, எண்ணெய் 90 மில்லி. 180 டிகிரியில் 40 நிமிடம், 7 அங்குல டின். பொடியை இன்னும் கூட்டினால் சரியாகுமா?

---

பதில்: பிசைகலம்

பட்டியல் எடை வரிசையில்தான் இருக்க வேண்டும் என்பது சட்டம். அதிகம் உள்ளது முதலில் வரும். சர்க்கரை முதலில் வந்தால் மைதாவைவிடச் சர்க்கரை கூடுதல் அல்லது ஏறக்குறைய சமம் என்று அர்த்தம். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, இந்த வகை கேக்கின் அமைப்பே அதுதான். சர்க்கரை தண்ணீரைப் பிடித்துக்கொள்வதால் மாவிலுள்ள ஸ்டார்ச் தாமதமாக இறுகும். அதற்குள் குமிழ்கள் விரிந்துகொள்ளும், கேக் மிருதுவாகும், இரண்டு மூன்று நாள் காயாமலும் இருக்கும். ‘சர்க்கரையைப் பாதியாக்கினேன், கேக் கட்டியாகிவிட்டது’ என்று அடிக்கடி கேட்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. கால் பங்குக்கு மேல் குறைத்தால் அமைப்பே மாறும்.

477 (புரோப்பிலீன் கிளைக்கால் எஸ்டர்) என்ற எமல்சிஃபையர்தான், அதாவது எண்ணெயையும் நீரையும் இணைக்கும் பொருள்தான், பாக்கெட் மிக்ஸின் உயிர். முட்டை இல்லாத மாவில் காற்றைப் பிடித்து வைக்கப் புரதம் போதாது. அதோடு எண்ணெய் வேறு நுரையை உடைக்கும். 477ம் 471ம் எண்ணெய்த் துளிகளைச் சுற்றி மெல்லிய படலமாகப் படிந்து அவை நுரையை உடைக்காமல் தடுக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் கொட்டி 3 நிமிடம் அடித்தாலே மாவு வெளுத்துப் பொங்குவது இதனால்தான். கடைகளில் டப்பாவில் விற்கும் கேக் ஜெல்லும் பெரும்பாலும் இதே குடும்பம்தான். 471 விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரலாம், தாவர எண்ணெயிலிருந்தும் வரலாம், எண் அதைச் சொல்லாது. பச்சைப் புள்ளி இருந்தால் தாவர வழி என்று கொள்ளலாம்.

500 நம்ம சமையல் சோடா. 341ம் 450ம் அதோடு வினைபுரியும் அமிலங்கள். 341 தண்ணீர் பட்டவுடன் வேலையைத் தொடங்கிவிடும். 450 கொஞ்சம் பொறுத்து, சூடு ஏறும்போது மீதி வாயுவைத் தரும். ஆகவே மிக்ஸைக் கரைத்து வைத்துவிட்டு ஓவனைச் சூடாக்கப் போகக் கூடாது. சூடான ஓவன் காத்திருக்க வேண்டும், மாவு காத்திருக்கக் கூடாது. சில மிக்ஸ்களில் நாக்கின் ஓரத்தில் துவர்ப்பாக ஒரு பின்சுவை நிற்கும். அது 450இன் சுவை, கெட்டுப்போனதற்கு அடையாளம் இல்லை. 541 என்று கண்டால் அது அலுமினியம் உள்ள அமிலம். பெரும்பாலும் சூட்டில்தான் வேலை செய்யும். அலுமினியத்தைக் குறைக்க நினைப்பவர்கள் 341, 450 உள்ளதை எடுக்கலாம்.

1422, 415 இரண்டும் ஈரத்தைப் பிடித்து வைக்க. உலர்ந்த மிக்ஸில் பூஞ்சைத் தடுப்பு தேவையே இல்லை. 202, 282 எல்லாம் ரெடிமேட் கேக்கில்தான் வரும்.

---

பதில்: நிறமாலை

நிறத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

122 கார்மோய்சின், 124 போன்சியோ 4ஆர், 102 டார்ட்ரசின், 110 சன்செட் யெல்லோ, 127 எரித்ரோசின். இவற்றோடு 132 இண்டிகோ கார்மைன், 133 பிரில்லியன்ட் ப்ளூ, 143 ஃபாஸ்ட் கிரீன் சேர்த்து எட்டு செயற்கை நிறங்கள் இந்திய விதிகளில் நெடுங்காலமாக அனுமதியில் உள்ளவை. கேக், பேஸ்ட்ரி வகைகளுக்கு வழக்கமான உச்சவரம்பு கிலோவுக்கு 100 மில்லிகிராம். இது சாப்பிடும் நிலையில் உள்ள பண்டத்துக்கான கணக்கு. எத்தனை மில்லிகிராம் போட்டார்கள் என்பதை பாக்கெட்டில் அச்சிட மாட்டார்கள். எனவே உச்சவரம்பை வைத்துத்தான் கணக்குப் போட முடியும்.

100 கிராம் துண்டு என்றால் அதிகபட்சம் 10 மில்லிகிராம். இதைத் தினசரி ஏற்பளவோடு ஒப்பிடுங்கள். வாழ்நாள் முழுக்க நாள்தோறும் உண்டாலும் தீங்கில்லை என்று கணித்த அளவு அது, உடல் எடையில் கிலோவுக்கு இவ்வளவு மில்லிகிராம் என்று சொல்வார்கள். உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்த நிபுணர் குழு 122, 124, 110 மூன்றுக்கும் 4 என்கிறது, 102க்கு 10. 20 கிலோ குழந்தைக்கு 124 என்றால் 80 மில்லிகிராம் வரை. ஒரு துண்டு அதில் எட்டில் ஒன்று. ஆனால் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009இல் 124க்கு 0.7 என்று இறக்கியது. அந்தக் கணக்கில் அதே குழந்தைக்கு 14 மில்லிகிராம்தான். ஒரே துண்டில் ஏறக்குறைய முக்கால் பங்கு முடிந்துவிடும், அன்றைக்கே கலர் சோடாவோ ஜெல்லியோ சேர்ந்தால் தாண்டிவிடும்.

எல்லாரும் ரெட் வெல்வெட்டைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். உங்கள் பட்டியலில் நான் முதலில் கைவைப்பது டூட்டி ஃப்ரூட்டியின் 127. எரித்ரோசினுக்கு ஏற்பளவு வெறும் 0.1. 20 கிலோ குழந்தைக்கு நாளுக்கு 2 மில்லிகிராம். கிலோவுக்கு 100 என்ற அளவில் நிறமேற்றிய டூட்டி ஃப்ரூட்டி 20 கிராம் தின்றாலே அந்த 2 வந்துவிடும். கேக்கின் மேல் வைக்கும் செர்ரியிலும் இதையே விரும்பிப் போடக் காரணம் உண்டு. எரித்ரோசின் புளிப்பில் கரையாமல் படிந்துவிடும், அதனால் செர்ரியின் சிவப்பு க்ரீமில் ஒழுகாது. அமெரிக்காவில் அழகுசாதனங்களில் 1990இலேயே விலக்கிவிட்டார்கள். உணவில் விலக்கும் ஆணை 2025 ஜனவரியில்தான் வந்தது, நிறுவனங்களுக்கு 2027 ஜனவரி வரை அவகாசம். ஆண் எலிகளில் தைராய்டு கட்டி கண்டதே அடிப்படை. எலியில் அது உண்டாகும் வழி மனிதருக்கு அப்படியே பொருந்தாது என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் விலங்குகளில் புற்று உண்டாக்கும் சேர்க்கைக்கு அனுமதி கூடாது என்பது அவர்கள் சட்டம். பிறந்தநாளுக்கு ஒரு செர்ரி தின்ற குழந்தையின் பெற்றோர் பயப்படத் தேவையில்லை. வாரத்தில் நாலு நாள் டிஃபன் பாக்ஸில் டூட்டி ஃப்ரூட்டி கேக் போகிறது என்றால் மாற்றுங்கள்.

102, 110, 122, 124 நான்குமே ஐரோப்பாவில் எச்சரிக்கை வரியோடுதான் விற்க முடியும்: ‘குழந்தைகளின் செயல்பாட்டையும் கவனத்தையும் பாதிக்கக்கூடும்’. 2007இல் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகம் 3 வயதினருக்கும் 8, 9 வயதினருக்கும் நிறக்கலவையும் சோடியம் பென்சோயேட்டும் கலந்த பானம் கொடுத்துப் பார்த்த ஆய்வுதான் காரணம், விதி 2010 ஜூலையிலிருந்து. விளைவு சிறியது, எல்லாக் குழந்தைகளிடமும் ஒரே மாதிரியும் இல்லை. கலவையாகக் கொடுத்ததால் எந்த நிறத்தின் வேலை என்று பிரித்துச் சொல்லவும் முடியாது. தன் பிள்ளை நிறம் தின்றால் ஆடுகிறது என்று சொல்லும் அம்மாவை மறுத்துப் பேச இந்த ஆய்வைக் கொண்டுவர முடியாது என்பது மட்டும் என் கருத்து.

வீட்டில் கேக் செய்து விற்பவர்கள் கவனிக்க: பாக்கெட் மிக்ஸைவிட டப்பா நிறத்தில்தான் வரம்பு மீறுகிறது. ‘ஒரு டேபிள்ஸ்பூன் ரெட் கலர்’ என்று எழுதும் செய்முறைகளைக் கணக்கிட்டுப் பாருங்கள். திரவத்தில் நிறம் 2% இருந்தால் 15 மில்லியில் 300 மில்லிகிராம். ஒரு கிலோ கேக்குக்கு அனுமதி 100. மூன்று மடங்கு! பொடியில் 10% நிறம் என்றால் ஒரு கிலோ கேக்குக்கு 1 கிராம் பொடியோடு நிறுத்த வேண்டும். நிற விழுக்காடு எழுதாத டப்பாவை வாங்கவே வேண்டாம்.

---

பதில்: சங்குப்பூ

பீட்ரூட்டுக்கு வருகிறேன். பொடியைக் கூட்டினால் சரியாகாது. உங்கள் அளவில் சோடாதான் குற்றவாளி.

200 மில்லி மோரின் புளிப்பு ஏறக்குறைய 2 கிராம் சோடாவைத்தான் சமன் செய்யும். நீங்கள் போட்டது 5. மீதி 3 கிராம் மாவைக் காரத்தன்மைக்கு (புளிப்புக்கு எதிரான ஆல்கலித் தன்மைக்கு) தள்ளிவிடுகிறது. பீட்ரூட்டின் சிவப்பு புளிப்பான இடத்தில்தான் நிற்கும். காரமும் சூடும் சேர்ந்தால் அந்த மூலக்கூறு இரண்டாக உடைந்து, ஒரு துண்டு மஞ்சள் நிறமாகிறது. உள்ளே நீங்கள் கண்ட ‘அழுக்கு மஞ்சள்’ அதுதான். மேல்தோல் கருத்ததற்கும் இதே காரம் துணை, ஏனென்றால் காரத்தில் கேக் வேகமாகப் பழுப்பேறும். மைதாவே காரத்தில் லேசாக மஞ்சள் தட்டும். வெள்ளை கேக்கில் சோடா கூடினால் மஞ்சளாகி, சோப்பு வாடை அடிக்கும்.

மாற்ற வேண்டியவை இவை. சமையல் சோடாவை முற்றிலும் எடுத்துவிடுங்கள். பேக்கிங் பவுடர் 7 கிராம் போதும், அதில் சோடாவும் அமிலமும் ஏற்கெனவே சமனாக இருக்கும். மோர் 200 மில்லியோடு எலுமிச்சைச் சாறு 10 மில்லி. பீட்ரூட் பொடி 20 கிராம், அது ஈரத்தை உறிஞ்சும், அதனால் 20 மில்லி தண்ணீர் கூட்டுங்கள். கோகோவை 10லிருந்து 4 கிராமாகக் குறையுங்கள். அதுவும் காரம் ஏற்றாத கோகோவாக இருக்கட்டும். டப்பாவில் கோகோவுக்குப் பக்கத்தில் ‘அமிலத்தன்மை சீராக்கி 500’ அல்லது ‘501’ என்று இருந்தால் அது காரம் ஏற்றியது, கருப்பாக இருக்கும், பீட்ரூட்டைக் கொன்றுவிடும்.

7 அங்குல டின் ஒன்றில் 40 நிமிடம் வேகவைக்காதீர்கள். 6 அங்குல டின் இரண்டில் பிரித்து, 160 டிகிரியில் 25 முதல் 28 நிமிடம். சூட்டில் இருக்கும் நேரம் குறையக் குறைய நிறம் மிஞ்சும். இரும்பும் செம்பும் இந்த நிறத்தைச் சிதைக்கும். அலுமினிய டின்னில் பட்டர் பேப்பர் போட்டு ஊற்றுங்கள், இரும்புக் கடாயில் கேக் வைக்கும் பழக்கத்தை இதற்கு விட்டுவிடுங்கள். எலுமிச்சைச் சாறு பேக்கிங் பவுடரின் ஒரு பங்கைக் கலக்கும்போதே தின்றுவிடும் என்பதால் ஊற்றியதும் உடனே உள்ளே போக வேண்டும். கேக் சற்று அடர்த்தியாக, லேசான புளிப்போடு வரும்.

இத்தனைக்குப் பிறகும் 122, 124 தரும் இரத்தச் சிவப்பு வராது. செங்கல் கலந்த ரோஜா நிறம் வரும். அந்த அடர்சிவப்பு செயற்கை நிறத்தின் நிறம், கேக்கின் நிறம் இல்லை. பழைய முறையில் காரம் ஏற்றாத கோகோ புளித்த மோரோடு சேரும்போது லேசான செம்பழுப்புதான் வந்தது. சிவப்பு கண்ணில் படவேண்டும் என்றால் அதை க்ரீமில் வையுங்கள். 200 கிராம் க்ரீம் சீஸ் அல்லது துணியில் தொங்கவிட்டு வடித்த தயிரில் 4 கிராம் பீட்ரூட் பொடி. சூடு படாது, புளிப்பும் உண்டு, நிறம் அப்படியே நிற்கும்.

மஞ்சள் நிறத்துக்கும் இதே விதி. வெனிலா கேக்கில் 102க்குப் பதில் மஞ்சள்தூள் போட்டால், மிஞ்சிய சோடா பட்ட இடமெல்லாம் செம்புள்ளி விழும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதும் இதுவும் ஒன்றே. சோடா இல்லாமல் பேக்கிங் பவுடரோடு, 200 கிராம் மைதாவுக்கு கால் டீஸ்பூன் மஞ்சள்தூளை எண்ணெயில் குழைத்துச் சேர்த்தால் புள்ளி விழாது. சங்குப்பூ நீலம் புளிப்பில் ஊதாவாகும், காரத்தில் பச்சையாகும். ஸ்பைருலினா (நீலப்பச்சைப் பாசி) தரும் நீலத்தை ஓவனுக்குள் அனுப்பவே வேண்டாம், சூட்டில் வெளுத்துவிடும்.

---

மாவுச்சல்லடை (மறுகேள்வி)

5 கிராம் சோடாவில் இத்தனை வினை இருக்கும் என்று எண்ணவில்லை, நன்றி. இன்னும் இரண்டு. மிக்ஸ் உலர்ந்த நிலையில் வெளிர் பழுப்பாகத்தான் இருக்கிறது, தண்ணீர் பட்டதும் சிவக்கிறது. இது கலப்படமா? கடையில் சின்னச் சின்னத் தாளில் மடித்து விற்கும் சிவப்புப் பொடியைக் கண்டுபிடிக்க வீட்டில் சோதனை உண்டா?

---

பதில்: நிறமாலை

முதலாவது கலப்படம் இல்லை. தண்ணீரில் கரையும் நிறம் நுண்ணிய துகளாக மைதாவுக்குள் ஒளிந்திருக்கும், கரைந்தால்தான் வண்ணம் காட்டும். உலர்ந்த பொடியிலேயே நிறம் தெரிய வேண்டும் என்றால் அலுமினியம் ஹைட்ராக்சைடில் ஏற்றிய ‘லேக்’ வகையைப் போடுவார்கள். எண்ணெயிலும் க்ரீமிலும் புள்ளியில்லாமல் பரவுவது அதுதான்.

இரண்டாவது. வெள்ளைக் கம்பளி நூல் சோதனை செய்யலாம், நூல் சாயம் ஏற்றாததாக இருக்க வேண்டும். 100 மில்லி தண்ணீர், ஒரு டேபிள்ஸ்பூன் வினிகர், ஒரு சிட்டிகை பொடி. நூலைப் போட்டு 10 நிமிடம் கொதிக்கவிட்டு, குளிர்ந்த நீரில் நன்றாக அலசுங்கள். நிறம் நூலில் ஏறி நின்றால் செயற்கைச் சாயம். பீட்ரூட் போன்றவை பெரும்பாலும் கழுவிப் போய்விடும். ஆனால் இந்தச் சோதனை அனுமதித்த நிறத்தையும் அனுமதியில்லாததையும் பிரித்துக் காட்டாது, 124ம் நூலில் ஏறும். புற ஊதா விளக்கில் ஒளிர்ந்தால் ரோடமைன் பி என்று முடிவுகட்டுபவர்களும் உண்டு. எரித்ரோசினும் ஒளிரும், ஆகவே அதுவும் உறுதி இல்லை.

ரோடமைன் பி துணிச்சாயம். 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு பஞ்சுமிட்டாய்க்குத் தடை போட்டது அதனால்தான், புதுச்சேரியும் போட்டது. தாளில் மடித்த பொடியை எந்தச் சோதனை செய்தும் நம்ப வேண்டாம். பெயர், நிற எண், 14 இலக்க உரிம எண் மூன்றும் அச்சிட்ட டப்பா இல்லாவிட்டால் வாங்காதீர்கள். சந்தேகம் தீர வேண்டும் என்றால் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2006, பிரிவு 40 படி வாங்கியவரே கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கலாம். அப்படிச் செய்யப்போவதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். விதிக்குப் பொருந்தாத மாதிரி என்று அறிக்கை வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

---

பதில்: பிசைகலம்

வீட்டு பிரீமிக்ஸைச் சேர்த்து வைப்பதாக இருந்தால் ஒரு வார்த்தை. பீட்ரூட் பொடி காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். அதை மைதா, பேக்கிங் பவுடரோடு கலந்து வைத்தால் ஈரம் பேக்கிங் பவுடரைப் பாக்கெட்டுக்குள்ளேயே வேலை செய்ய வைத்துவிடும், நிறமும் போகும். பீட்ரூட் பொடியைத் தனிச் சின்னப் பையில் கட்டி, மிக்ஸ் பையோடு சேர்த்துக் கொடுங்கள். ஒளி புகாத பையாக இருக்கட்டும். பழைய மிக்ஸில் சந்தேகம் வந்தால் ஒரு டீஸ்பூனை எடுத்து வெந்நீர் ஊற்றிப் பாருங்கள். நுரைத்து எழவில்லை என்றால் அந்தப் பொட்டலத்தில் கேக் எழும்பாது, பான்கேக்காகச் சுட்டுத் தீர்க்கலாம்.

விற்பதாக இருந்தால் பட்டியலில் ‘பீட்ரூட் பொடி’ என்று எடை வரிசையில் எழுதுங்கள். கோதுமை உள்ளது (பால்பொடி சேர்த்தால் பாலும்) என்ற ஒவ்வாமை வரியும் வேண்டும். ‘செயற்கை நிறம் சேர்க்கவில்லை’ என்று போடலாம். ‘நிறமே சேர்க்கவில்லை’ என்று போடாதீர்கள், பீட்ரூட்டை நிறத்துக்காகத்தானே போடுகிறோம்.

---

மாவுச்சல்லடை

தனிப்பை யோசனை பிடித்திருக்கிறது. பேக்கிங் பவுடர் 7 கிராம், 160 டிகிரி, இரண்டு டின். டூட்டி ஃப்ரூட்டிக்கு மாற்றாக எதைப் போடலாம்?

---

பதில்: சங்குப்பூ

பப்பாளிக்காயை அரை சென்டிமீட்டர் துண்டுகளாக்கி, 5 நிமிடம் வேகவைத்து வடித்து, ஒன்றுக்கு ஒன்று எடை சர்க்கரைப் பாகில் பீட்ரூட் சாறும் எலுமிச்சையும் விட்டு ஊறவையுங்கள். பாகைச் சூடாக்கி ஆறவிட்ட பிறகுதான் பீட்ரூட் சாறு ஊற்ற வேண்டும். ஒரு நாள் ஊறியதும் வடித்து நிழலில் உலர்த்தலாம். கேக்கில் கலக்கும் முன் ஒரு டீஸ்பூன் மைதாவில் புரட்டினால் அடியில் இறங்காது. கேக்கில் வேகும்போது ஓரங்கள் கொஞ்சம் மங்கும், நடுவில் சிவப்பு நிற்கும்.